ரசத்தில் கரைத்துக் குடித்த சோறு

பொன்மணி,

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர்கள்: நான், நீ, உன் அண்ணன் முனியராஜ், ஞாயிறுதோறும் அவன் கொண்டு வரும் சர்க்கரை பார்க்கும் மெஷின்.

அதற்கு முந்தின ஞாயிறு உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்க வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 226. நேற்று அதே அளவு சோற்றை ரசத்தில் கரைத்து ஐந்து நிமிடத்தில் குடித்தாய். 271. மெல்லும்போதே உடம்பு இன்சுலின் சுரக்கத் தயாராகிறது என்று நர்ஸ் உன்னிடம்தான் சொன்னார். பட்டாசுக் கம்பெனியில் எண்ணிக்கைக்குக் கூலி, அதனால் விழுங்குகிறாய். வீட்டில் யார் எண்ணுகிறார்கள்?

அதைக் கேட்டதற்குத்தான், "நைட் ஷிஃப்ட விட்டுட்டு வீட்ல உக்காந்திருக்கவுகளுக்கு மென்னு திங்க நேரம் இருக்கும். எனக்கு எங்கன இருக்கு?" என்றாய். உன் அண்ணன் புரையேறும் வரை சிரித்தான்.

சட்டியில் கொண்டைக்கடலை இருக்கிறது. குழைய விடாமல் வேண்டுமென்றே இறக்கினேன். ரசம் கிடையாது. ரசப்பொடி டப்பா பக்கத்து வீட்டுச் சம்சாத் அக்காவிடம் இருக்கிறது. கேட்டாலும் தர மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன்.

திருத்தங்கல் பிரஸில் காலண்டர் சீசனுக்கு ஆள் கேட்டார்கள். பழைய நைட் ஷிஃப்டுக்கே போகிறேன். இனி எனக்கும் மென்று தின்ன நேரம் இருக்காது. சந்தோஷமாக இரு.

ஊர்க்காவலன்

மாத்திரை ஜன்னலில். முதலில் அது.

மெஷினை உன் அண்ணன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து, நம்பரை இந்தச் சீட்டிலேயே எழுது. காலையில் வந்து பார்ப்பேன்.

இதை வெளியே நின்று எழுதுகிறேன். சாவியும் சம்சாத் அக்காவிடம், கம்பெனியிலிருந்து வந்ததும் வாங்கிக்கொள். சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருக்கிறது.