அடியில ஒட்டியிருக்கிற நம்பர்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நோ குறைஞ்சிச்சா? நம்மட எத்தாளையில காத்துக் காலம் தொடங்கிட்டு எண்டு என்னோட வேல செய்யிற ஜவ்பர் சொன்னான். கத்தாரில நான் சுகம். ஊருக்கு வாற அவனிட்டயே இதக் குடுத்து விடுறேன். போன்ல சொன்னா குரல் காட்டிக் குடுத்திரும்.

புது ரவுட்டர்ட கதை சிரிப்புத்தான். பழையது உப்புக் காத்துல பழுதானதும், அதே பேருள்ளத வாங்கச் சொல்லி தம்பி ஸப்ரானுக்குச் சொன்னது நான்தான். பேர் ஒண்டு, உள்ளுக்குச் சாமான் வேற. அடியில ஒட்டியிருக்கிற பதிப்பு நம்பரப் பாக்கச் சொல்ல மறந்துட்டேன். லீவில வந்த நேரம் பழையதுக்கு நான் போட்டுத் தந்த திறந்த மென்பொருள் இதுக்குள்ள போகாதாம்.

தம்பி புத்தளம் போனா, கடையிலயே பெட்டியத் திறந்து, அடியில பழையது மாதிரி ரெண்டாம் பதிப்பு எண்டு இருந்தா மட்டும் இன்னொண்டு வாங்கட்டும்.

நெட் வேல செய்யுதுதானே, எதுக்கு மகன் எண்டு கேப்பீங்க. ராவைக்கு ரவுட்டர் சுவிட்ச நிப்பாட்டி, சுபஹு தொழுகைக்கு எழும்பிப் போடுறது உங்கட பழக்கம். நீங்க போட்டதும் பழைய ரவுட்டர் அந்த மென்பொருளால எனக்கு அறிவிக்கும். நான் கண் முழிக்கக்குள்ள போன்ல ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். உம்மா எழும்பிட்டாங்க எண்டு அதப் பாத்துத்தான் நானும் எழும்புவேன். இப்ப புள்ளி இல்ல. கட்டில விட்டு இறங்க மனசு வருதில்ல உம்மா. இந்தப் பெருநாளைக்கும் லீவு இல்லையாம்.

வேலை பஸ் ஹோன் அடிக்குது. நாளைக்கும் சுவிட்சப் போடுங்க, எனக்குத் தெரியாட்டியும்.

உங்கட மகன்
றஊப்