அளவு பார்க்காமல் வாங்கிய சப்பாத்து

சின்னம்மா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது நாலு சொல் சேர்ந்தாற்போல் கதைக்காதவள், நீங்கள் போனபிறகு தாளும் பேனையுமாக இருக்கிறேன். "இவ்வளவு நாளும் வாயில என்னடி கொழுக்கட்டையே?" என்றுதான் கேட்பீர்கள்.

இன்று காலை உங்கள் உடுப்புகளை ஸ்பிரிங்வேலில் நாங்கள் வழக்கமாகப் போகும் பழைய உடுப்புக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தானமாக வருவதை விற்கும் அந்தக் கடையில் வாங்கியதெல்லாம் அங்கேயே திரும்பிப் போகட்டும் என்று நினைத்தேன். மேசையில் பையை அவிழ்த்ததும் மஞ்சள் வாசம் வந்தது.

அங்கே வாங்கிய எதையும் நீங்கள் நேரே போடவிட்டதில்லை. ஒரு வாளி தண்ணீர், ஒரு கரண்டி மஞ்சள், ஒரு பிடி உப்பு. "ஆரின்ர உடம்பில கிடந்ததோ, செத்த ஆளின்ரயோ, ஆருக்குத் தெரியும்? இதில ஒருக்கா முக்கினா எங்கட உடுப்பு." கறுப்புக் கம்பளிச் சட்டைக்கு அது சரி. என் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையையும் முக்கிவிட்டீர்கள். அது மஞ்சளாக வெளியே வந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வெயில்ல போட்டா வெளுத்திடும்."

"மெல்பேர்னில எங்க சின்னம்மா வெயில்?"

நான் உங்களிடம் விட்ட முதல் பகிடி அதுதான். சிரித்துச் சிரித்துக் குளியலறைத் தரையிலேயே இருந்துவிட்டீர்கள்.

சப்பாத்துக்கு மட்டும் வேறு சட்டம் வைத்திருந்தீர்கள். முன்பின் தெரியாத ஆளின் சப்பாத்தைப் போடலாம். தெரிந்த ஒருவர் செத்தபின் அவருடையதை மட்டும் போடக்கூடாது.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை. நான் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கறுப்புச் சப்பாத்து தேவையாக இருந்தது. நீங்கள் சப்பாத்துத் தட்டின் முன்னால் குந்தியிருந்தீர்கள். நான் புத்தகங்களின் பக்கம். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஏதோ பார்ட்டிக்கு வேடிக்கையான உடுப்புத் தேடிச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அதே நேரம் நீங்கள் ஒரு சோடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தீர்கள்.

"பிள்ளை! இஞ்ச ஓடி வா! புதுசு மாதிரிக் கிடக்கு, காலை விட்டுப் பார்!"

கடை முழுக்கத் திரும்பியது. "உன்னையா கூப்பிடுகிறா?" என்று ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். "இல்லை, அவ ஆரென்று எனக்குத் தெரியாது" என்றேன். வெளியே போய் பஸ் தரிப்பில் நின்றேன்.

நீங்கள் பையோடு வந்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தால் சப்பாத்து எனக்குப் பெரிது. உங்களுக்கும் பெரிதுதான். "பரவாயில்லை, நான் காலுக்கு ரெண்டு மேசு போட்டுச் சமாளிப்பன்" என்றீர்கள். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு டண்டினொங்கில் உடுப்புத் தோய்க்கும் லோண்டரிக்கு வேலைக்குப் போனீர்கள். அடியை இரண்டு தரம் மாற்றிப் போட்டு, கடைசிவரை அதையே போட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கடைக்குள் நேரே கூட்டிப்போகவில்லை. "நீ இதில நில், நான் பார்த்திட்டு வாறன்" என்று பஸ் தரிப்பில் விடுவீர்கள். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் அரை மணித்தியாலம். பிறகு வாசலில் நின்று வா என்று கை காட்டுவீர்கள். அன்று நான் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது, என்னோடு சேர்ந்து உள்ளே போக உங்களுக்கு மனமில்லை என்றே நினைத்தேன். கேட்கப் பயம். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பதினொரு நாள் இருந்தும் கேட்கவில்லை.

இன்று மேசைக்குப் பின்னால் நின்றது அந்த வியட்நாமிய அன்ரிதான், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிடுபவர். உங்கள் சிவப்புக் கோட்டைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். நீங்கள் போய்விட்டீர்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நீதான் அந்த வெட்கப்படும் பிள்ளையா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். நீங்கள் உள்ளே வந்தால் முதலில் உடுப்பைப் பார்ப்பதில்லையாம். கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரிடம் வந்து, "ஸ்கூல் கேர்ள்ஸ், நோ?" என்று கேட்பீர்களாம். இல்லை என்றால் சந்தோசமாக வாசலுக்குப் போய்க் கை காட்டுவீர்களாம். ஆராவது நின்றால் அவர்கள் போகும்வரை திரைச்சீலைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பீர்களாம். ஏன் என்று ஒருநாள் அவர் கேட்டதற்கு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக் காட்டி, "மை கேர்ள். ஷை. குட் கேர்ள்" என்றீர்களாம்.

சப்பாத்துப் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் கதிரையில் போய் இருந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எட்டு வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. உங்களுக்குக் கோபம் இல்லை. அன்று மட்டுமல்ல, ஒருநாளும் இல்லை. அந்த அரை மணித்தியாலமெல்லாம் நீங்கள் எனக்காகத் திரைச்சீலை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

"அவ உன் அம்மாவா?" என்று அன்ரி கேட்டார்.

"என்ர சின்னம்மா" என்றேன். தமிழில் சொன்னது பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

திங்கட்கிழமை எனக்கு முதல் வேலை தொடங்குகிறது, டண்டினொங்கில்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் என்று நீங்கள் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தீர்களே, அந்தப் படிப்புக்கான வேலை. போடப்போகும் சட்டையும் பழையதுதான், நீல நிறம். மஞ்சளில் முக்கிக் காயப்போட்டிருக்கிறேன். வெள்ளை வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் கடையில் கொடுக்கவில்லை. அந்தக் கறுப்புச் சப்பாத்து வீட்டில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீரால் துடைத்து, பொலிஷ் போட்டு, நேற்று அதற்குள் காலை விட்டுப் பார்த்தேன். என் கால் வளர்ந்துவிட்டது போலிருக்கிறது, இப்போது அளவாக இருக்கிறது. தெரிந்த ஆளின் சப்பாத்து, உங்கள் சட்டப்படி கூடாது. ஆனால் நீங்கள் அதை எனக்குத்தானே வாங்கினீர்கள்? கூப்பிட்டபோது நான் வரவில்லை. இப்போது வந்திருக்கிறேன்.

போடட்டுமா, சின்னம்மா?