பழுக்காத வீக்கம்

மார்ச் 4
கீழ்க் கடைவாய்ப் பல் மறுபடி குத்துகிறது. உடற்கூறு வகுப்பில் இன்று கழுத்தின் முன்பக்கம். தசைகளைச் சுற்றி உறை, உறைகளுக்கு நடுவே இடுக்குகள். கீழ்ப் பல்லில் பிடித்த சீழ் நாக்கடிக்கு வந்து, அந்த இடுக்குகள் வழியே மார்பு வரை இறங்கலாம் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 6
தாடைக்கு அடியில் வீக்கம். மனைவி பல் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள். நான் போகவில்லை. பழுக்காத கட்டியைக் கீறி என்ன பயன்? வீட்டில் உடம்பு விஷயம் என்றால் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க. உங்க வாய மட்டும் யாருகிட்டயும் திறந்து காட்ட மாட்டீங்க" என்றாள்.

மார்ச் 7
கண்ணாடி முன் நின்று அழுத்திப் பார்த்தேன். பலகை மாதிரி இருக்கிறது, இளகவே இல்லை. சீழ் இன்னும் பழுக்கவில்லை, ஆகவே அவசரமில்லை.

மார்ச் 8
எச்சில் விழுங்க முடியவில்லை. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. படுத்தால் மூச்சு — உட்கார்ந்தே எழுதுகிறேன். அவள் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுகிறாள். பயமா இருக்கு. எனக்கா? ஆமா, எனக்குத்தான்.

மார்ச் 11
கழுத்தில் துளை, துளையில் குழாய். மூச்சு அதன் வழியே. பேச்சு கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஆழத்து இடுக்கில் சீழ் கட்டினால் மேலே இளகித் தெரியாது, கட்டை மாதிரி இருப்பதுதான் ஆபத்து என்று அறுவை மருத்துவர் சொன்னார். சார் சார் என்று மரியாதையாகத்தான்.

நான் இத்தனை காலம் தொட்டதெல்லாம் மருந்தில் ஊறி விறைத்த பிணங்களின் கழுத்துகள். என் கழுத்தும் அப்படி ஆனபோது கைக்குப் பழகியதாகவே பட்டிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

குரல் வருமா என்று எழுதிக் காட்டினேன். தொண்டை வீக்கம் வடியட்டும், பார்க்கலாம் என்றார். குரல் இல்லாத வாத்தியாரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

மார்ச் 15
அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். இந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்துவிட்டது போல.

மார்ச் 18
சின்னக் குழாய் மாற்றியிருக்கிறார்கள். அதன் வாயை விரலால் அடைத்தால் மூச்சு தொண்டை வழியே மேலே போகும், பேசிப் பார்க்கலாம் என்று நர்ஸ் அவளிடம் கையுறை கொடுத்தார். அவள் விரலை வைத்து அடைத்தாள். வந்துவிட்டது. கரகரவென்று, ஆனால் என் குரல்.

"நீ சொன்னதுதான் சரி. ஆனா —"

விரலை எடுத்துவிட்டாள்.