சந்தனத்தில் இறுகிப்போன அச்சு

கோபம் தீராமலும் பாசம் குறையாமலும் நான் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிற என் செல்வம் அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். நீ எங்கே இருந்தாலும் உன்னைக் கவனித்துக்கொள்ள யாராவது ஒருத்தி இருப்பாள். நான் எழுத வந்தது உன் குண்டு அச்சைப் பற்றி. அதை உன் படத்தடியிலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்தது நான்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்த அச்சு பார்ப்பதற்குப் பெரிய பாக்குவெட்டி மாதிரி இருக்கும். இரண்டு இரும்புக் கைப்பிடி, அவற்றைச் சேர்க்கிற ஒரு கீல், முனையில் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்ளும் இரண்டு குழி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் துப்பாக்கிக்குக் குண்டு வார்த்தது என்று சொல்லித்தான் பழைய இரும்புக் கடை பாய் அதை உன் தலையில் கட்டினார். நீ அதன் வாயில் ஒரு கம்பி வளையத்தைச் செருகி, ஈயத்தை உருக்கி ஊற்றி, தூண்டில் கயிற்றுக்குக் குண்டு வார்த்தாய். ஊரூர் குப்பத்தில் பாதிப் பேருடைய தூண்டிலைக் கீழே இழுத்துக்கொண்டு போனது உன் குண்டுதான்.

அதில் உனக்கு எவ்வளவு பெருமை! ஒருநாள் நீ ஈயம் ஊற்றும்போது அச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அண்ணி கை நீட்டினாள். "பொம்பள கை பட்டா குண்டுல ஓட்ட வுழும், போ அந்தாண்ட" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அதற்குப் பிறகு அவள் அதன் பக்கமே போகவில்லை. மீன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு அடையாறு முழுக்கத் தெருத் தெருவாக நடந்தாளே, அந்தக் கூடையில் மட்டும் பொம்பளைக் கை படலாமா அண்ணா?

நீ போன அன்றைக்கும் அப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், வெறும் கேஸ் என்று சொல்லி சோடா வாங்கிவரச் சொன்னாய். அவள் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்ததற்குத் தெருவே கேட்கிற மாதிரித் திட்டினாய். சோடாவைக் குடித்து முடித்தாய். அவள் பேச்சை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பிறகு நம் தம்பி குமார் உன்னைச் சாமியாக்கிவிட்டான். முன்கூடத்தில் அலமாரி அடித்து, உன் படத்தை மாட்டி, சின்ன சீரியல் பல்பு போட்டு, கீழே அச்சை வைத்தான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்கு எண்ணெய் தடவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினான். அண்ணிக்குப் பின்கட்டில் மழைக்கு ஒழுகுகிற அறை. முன்கூடத்தில் உனக்கு விளக்கு எரியும்போது, அவளுடைய அறையில் பல்பு போய் மாதக்கணக்காயிற்று.

இந்த வருஷம் அவளுக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது. கூடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்வேன், குண்டு வார்க்கிறேன், அச்சைக் கொடு என்று குமாரிடம் கேட்டிருக்கிறாள். "அண்ணன் கை பட்ட பொருளு அண்ணி. அத்த போயி தொழிலுக்கு எடுப்பாங்களா? உனக்கு இன்னா, சோறு போடாமலா வுட்ருவோம்?" என்றானாம். அந்தச் சோற்றை எப்படிப் போடுகிறான் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒரு தட்டு பின்கட்டுக்குப் போகும். அதுவும் ஞாபகம் இருந்தால்.

தி.நகர் புடவைக் கடையில் எனக்கு வார விடுமுறை கிடைத்த அன்று அசோக் நகரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். குமார் கடலுக்குப் போயிருந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி அச்சை எடுத்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த குமாரின் பெண்டாட்டி சரசு திரும்பிப் பார்த்தாள். "நான் ஒன்னும் பாக்கல அக்கா" என்று சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். அந்த வீட்டில் அவளுக்கும் ஏதோ மனக்குறை இருக்கிறது போல.

பின்கட்டுக்கு அண்ணியிடம் கொண்டுபோனால், அச்சு திறக்கவில்லை அண்ணா. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். துரு இல்லை. கீல் முழுக்க சந்தனம். வருஷா வருஷம் பூசிய சந்தனமும் குங்குமமும், தடவிய தேங்காயெண்ணெயும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, பிசினாகி, கல்லாகிக் கிடந்தது. கும்பிட்டுக் கும்பிட்டே அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காத வசந்தி. கீலு ஆணி நெளிஞ்சிச்சினா ரெண்டு குழியும் ஒன்னா சேராது. அப்பால தூக்கிக் கடல்ல போட வேண்டியதுதான்."

இது அவளுக்கு எப்படித் தெரியும்? தள்ளி நின்றே இத்தனை வருஷம் உன்னைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

வெந்நீரில் போட்டாள். சந்தனம் ஊறி மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் மாறியதும் பழைய டூத் பிரஷால் கீலைத் தேய்த்தாள். பிறகு படகுக்காரர் ஒருவரிடம் மண்ணெண்ணெய் வாங்கி, ஒரு டம்ளரில் கீல் மட்டும் முழுகும்படி நிறுத்தி வைத்தாள். அடுத்த வாரம் நான் போனபோது அடுப்பில் லேசாகச் சூடு காட்டி, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மயிரிழை திறக்கும், மூடுவாள். இன்னொரு மயிரிழை திறக்கும், மறுபடி மூடுவாள். கீலிலிருந்து கறுப்பாக ஒரு சேறு கசிந்தது. அவள் துடைத்தாள், மறுபடி அசைத்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு வழியாகத் திறந்தது. அப்போதும் இறுக்கம்தான். அந்த இறுக்கம் உன்னுடையது. இரண்டு குழியும் சேருகிற இடத்தில் குண்டில் கோடு விழக் கூடாது என்று உன் கை பலத்துக்கு ஆணியைத் தட்டி வைத்திருக்கிறாய். உன்னைத் தவிர யார் திறக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. அண்ணி கொஞ்சம் யோசித்தாள். பழைய அடிபம்பு பைப்பில் இரண்டு துண்டு அறுத்துக் கைப்பிடிகளின் மேல் மாட்டினாள். பிடி நீளமானதும், அவள் பலத்துக்கே அச்சு சுலபமாகத் திறந்து மூடியது. கீலுக்கு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டாள், குழிகளைத் துடைத்தாள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும் என்று அச்சை அடுப்போரம் நன்றாகக் காய வைத்தாள்.

வாசலில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊற்றினாள். முதல் இரண்டு குண்டு சுருக்கம் விழுந்து வந்தது. அச்சு சூடேறிய பிறகு விழுந்தவை வழவழவென்று இருந்தன. ஒன்றில்கூட ஓட்டை இல்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போதுதான் குமார் வந்தான். உன் படத்தடி ஒரு வாரமாகக் காலியாகக் கிடந்தது அவன் கண்ணில் படவே இல்லை. காலில் மணல், தோளில் துண்டு. அச்சைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னா அண்ணி இது? சாமி மாதிரி வெச்சிருந்தோமே! யார கேட்டு எடுத்தே? அண்ணன் இருந்தா உன்ன இத்த தொட வுட்ருப்பாரா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி தலையைக்கூடத் தூக்கவில்லை. கரண்டியிலிருந்த ஈயத்தை நிதானமாக அச்சின் வாயில் ஊற்றி முடித்தாள்.

"வுட்ருக்க மாட்டாரு குமாரு. உசுரோட இருந்த வரைக்கும் வுடலியே. அதான் இப்ப ஊத்திக்கினு கீறேன்."

குமார் காலிலிருந்த மணலைத் தட்டினான். பிறகு உள்ளே போய்விட்டான். அண்ணி அச்சைத் திறந்து குண்டைத் தட்டினாள், அடுத்த வளையத்தைச் செருகினாள்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேல் கோபம் இருக்கும், இல்லாவிட்டால் கண்ணாவது கலங்கும் என்று தேடினேன். ஒன்றுமே இல்லை. அவளுக்கு வேலை இருந்தது. கோபம் முழுக்க என்னிடம்தான் இருக்கிறது போல. நீ என் அண்ணன், உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால்தான் இந்தக் கோபம் ஆற மாட்டேன் என்கிறது. நீ செத்ததனால் ஒருத்திக்குக் கை கிடைத்தது என்று நான் எழுதும்படி ஏன் அண்ணா வைத்தாய்?

உன் திதிக்கு வருவேன். உனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்துப் படைப்பேன், அழுவேன். ஆனால் அந்த அச்சு மட்டும் உன்னிடம் திரும்பி வராது. குமார் கேட்டாலும் வராது, நீயே கனவில் வந்து கேட்டாலும் வராது. இது உன் மேல் சத்தியம்.

உனக்குத் தங்கையாகப் பிறந்து,
இனி அண்ணியின் தங்கையாக இருக்கப்போகிற
வசந்தி