தலைகீழாகப் பிடித்த காகிதம்

லண்டன்,
14.2.1971

அன்புள்ள தம்பி செல்வமணிக்கு,

படத்தில் என்னையே பார்த்துப் பெருமையில் அழுதேன் என்று சின்னமனூரில் பேசிக்கொள்வதாக உன் மகள் ஞானசெல்வி எழுதியிருக்கிறாள். நான் அழவில்லை. ஆண்டவர் தயவால் சுகமாகவே இருக்கிறேன். உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது?

நான் வார்டனாக இருக்கும் நர்ஸுகள் விடுதியில், போர்க்காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் எடுத்த படங்களைப் போட்டார்கள். ஒன்றில் நம் சந்தைத் தெரு வந்தது. மலேரியா மாத்திரைக்கான ஆங்கிலக் குறிப்பைப் பிடித்தபடி நான் நின்றேன்.

"வார்டனம்மா, இது நீங்கதானே!" என்று கோட்டயத்துப் பெண் ஒருத்தி கத்தினாள்.

"இவளுக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் நம்மை நம்புகிறாள்" என்றது படத்தின் ஆங்கிலக் குரல். காகிதம் தலைகீழாக இருந்ததைப் பார்த்து அறையே சிரித்தது. நான் எழுந்து விளக்கைப் போட்டேன். அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பைத் தமிழாக்கி வீடு வீடாகப் படித்துக் காட்டியவள் நான். படக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்தவன் நீ. "காயிதத்து மேல இருக்க சர்க்கார் முத்திரை விரலுக்குள்ள மறையணுமாம். காயிதத்தைத் தலைகீழாப் பிடிங்கக்கா, தொரை சொல்றாக" என்றாய். நீ சொன்னதால் பிடித்தேன்.

மல்லிப்பொடியும் என் பழைய கீர்த்தனைப் புத்தகமும் அனுப்பு. இங்கே என்னோடு சேர்ந்து பாட ஆள் இல்லாததால் வரிகள் மறந்துபோகின்றன. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அந்தக் குரல் என்ன சொல்லப்போகிறது என்று அன்றைக்கே உனக்குத் தெரியுமா, தெரியாதா? மகளை எழுதவைக்காமல், உன் கையாலேயே பதில் எழுது.

அக்கா,
எஸ்தர் அன்னத்தாய்