ஈஸ்டருக்குள் நீலம்

17 ஜனவரி 1938, திங்கள். அரூர்.

நான் மதம் மாறவில்லை. காங்கிரஸில் சேரவில்லை. கறிக்கடைக்காரரோடு சண்டையும் இல்லை. நேற்றுப் பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் இந்த மூன்றும் என் காதில் விழுந்தன. தபசுகாலம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்க, ஒரு கிழவி கறி வாங்குவதை நிறுத்தினால் ஊருக்குக் காரணம் வேண்டுமாம். காரணம் இதுதான்: எனக்குச் சிறுநீரில் சர்க்கரை. கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை.

சேலத்து டாக்டர் கறி, நெய், வெள்ளையரிசி, இனிப்பு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கேழ்வரகு, சாமை, கீரை, கொள்ளு, அவரை என்று எழுதிக் கொடுத்தார். வேறு யாருடைய சீட்டோ என்று கேட்டேன். என்னுடையதுதானாம்.

பெங்களூரிலிருந்து மகன் இராயப்பனின் கடிதம். ஈஸ்டருக்குள் குணமாகாவிட்டால் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனோடு போய்விட வேண்டும். அங்கே எனக்குத் தனி அறை உண்டு. மணியடித்தால் சாப்பாடு உண்டு. அந்த மணியை அடிப்பது நானாக இருக்காது.

20 ஜனவரி

முதல் களி. முள்கரண்டியால் குத்தினேன்; கரண்டி நின்றது, களி அசையவில்லை. நான் படித்த கன்னியர் மடத்தில் ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மென்று தின்னச் சொல்லிக் கொடுத்தார்கள். பதினொன்றில் தாடை ஒட்டிக்கொண்டது.

சமையல் செய்யும் தீர்த்தம்மாள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "களிய மெல்லக் கூடாதுங்கம்மா. உருட்டி, கொழம்புல பொரட்டி, அப்படியே உள்ள வுடணும்."

"மெல்லாமல் விழுங்குவது பாம்பு."

"பாம்புக்குச் சக்கர வியாதி இல்லீங்களே."

 

23 ஜனவரி, ஞாயிறு

பக்கத்து வீட்டில் ஆட்டுக்கறி. இரண்டு முறை ஜெபமாலை சொன்னேன். இரண்டும் தேவனைச் சேர்ந்திருக்காது.

3 பிப்ரவரி

ஓய்வு பெற்ற கம்பவுண்டர் இன்னாசி வந்தார். நீல மருந்தில் என் நீரை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுகிறார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறமானால் முற்றிய நிலை. அவருக்குக் காது மந்தம். ஆகையால் தெருவுக்கே கேட்கும்படி, "செங்கல்லுங்கம்மா!" என்றார்.

நான் சட்டப்படிதான் சாப்பிட்டேன். கேழ்வரகு மாவை மெல்லிய துணியில் சலித்து, தவிட்டைக் கோழிக்குப் போட்டு, சுத்தமான மாவில் வெல்லம் சேர்த்துப் புட்டு. இதில் என்ன குற்றம்?

"வெல்லம் எதுக்குங்கம்மா?"

"கரும்பும் தாவரம்தானே?"

"கள்ளும் தாவரந்தானுங்க" என்றார். தவிட்டோடுதான் தின்ன வேண்டுமாம். அப்படியானால் இரண்டு வாரமாக என் மருந்தைத் தின்றது கோழி.

22 பிப்ரவரி

பாப்பிரெட்டிப்பட்டியில் கல்யாணம். இரண்டு துண்டு கறி.

பொய் எழுதக் கூடாது. ஐந்து.

26 பிப்ரவரி

புண்ணில் மறுபடி நீர். இன்னாசி பார்த்துவிட்டு, இந்த முறை கத்தவில்லை. "பெருவெரல் போயிட்ட ஆளுங்கள நான் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எதுக்கு இந்த வயசுல இந்தப் பாடு. ஒரு வாய் கறிக்கு ஒரு விரலா? விரல் போனா இராயப்பன் மறுநாளே வந்து தூக்கிட்டுப் போயிடுவான். மாதாவே, அந்த மணிச் சத்தம் இப்பவே கேக்குது.

9 மார்ச்

கதவைச் சாத்திக்கொண்டு, கையால், மெல்லாமல் விழுங்கினேன். மூன்று உருண்டை. கொள்ளுக் குழம்பு. வெளியே தீர்த்தம்மாள் யாரிடமோ, "முழுங்கிட்டாங்க" என்றாள், பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல.

28 மார்ச்

பச்சை. புண் ஓரத்தில் புதுத் தோல். ரவிக்கை தளர்ந்து தோளில் நிற்கவில்லை. தையற்காரரை வரச் சொல்ல வேண்டும். சாமைச் சோற்றோடு முருங்கைக்கீரைப் பொரியல். இன்று மறுசோறு கேட்டேன் என்பதை யாரும் அறிய வேண்டியதில்லை.

17 ஏப்ரல், ஈஸ்டர்

மொரப்பூரில் ரயில் இறங்கி இராயப்பன் காலையில் வந்துவிட்டான். என் துணிமணிக்குக் காலி டிரங்குப் பெட்டியும் கொண்டுவந்தான். மூன்று படி ஏறி நின்று மூச்சு வாங்கினான். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். இன்னொன்று. பிறகு இன்னொன்று.

அவன் முன்னாலேயே இன்னாசி என் நீரைச் சோதித்தார். மருந்து கொதித்தது, நிறம் மாறவில்லை. நீலம்.

"இந்தப் பெரியவர் கண்ணுக்கு எல்லாமே நீலம்தாம்மா" என்று சிரித்தான்.

இன்னாசிக்கு அது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. "நீங்களும் குடுங்க தம்பி. பாத்துருவோம்."

விளையாட்டாகத்தான் கொடுத்தான். குழாய் சூடேறும்போதே பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டி செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. இன்னாசி அதை என்னிடம் காட்டிவிட்டு விளக்கை அணைத்தார்.

அவனிடம் சொல்வதற்காக மூன்று மாதமாக நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீண். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. கழுத்துப் பின்புறம் காலமான அவன் அப்பாவுடையதுபோலவே இருக்கிறது.

ஈஸ்டருக்கென்று அவனுக்காக வாங்கிய கறியைத் தீர்த்தம்மாளின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மத்தியானம் அவனே கேட்டான்: "களி மிச்சம் இருக்காம்மா?"

முதல் உருண்டையை மென்றான். மெல்லாதே என்றேன்.

18 ஏப்ரல்

மருமகளுக்கு இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

இராயப்பனுக்கும் சர்க்கரை இருக்கிறது, என்னைவிட அதிகமாக. நான் வரவில்லை; அவன் இங்கே இருக்கட்டும், மூன்று மாதம். அவன் ஆபீஸுக்கு லீவு கேட்டு எழுதியாயிற்று. அவன் கைப்பெட்டியில் நீ வைத்தனுப்பிய மைசூர்பாகு என்னிடம்தான் இருக்கிறது, தொடவில்லை. உன்மேல் கோபமில்லை, நானும் வெல்லத்தில் ஆரம்பித்தவள்தான். நீயும் இன்றே ஒரு டாக்டரிடம் சோதித்துக்கொள். முடிவை அவனுக்கு எழுதாதே, பாதியை என்னிடம் மறைப்பான். சம்மதமா இல்லையா என்பதையும், உனக்கு வந்த நிறத்தையும் எனக்கு எழுத்தில் பதிலாக அனுப்பு.