இரண்டு கிலோ கூடியது

நவம்பர் 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். எடை மிஷினுக்கு பேட்டரி மாற்றினேன். பதினொரு மணிக்கு ஷீபா, போடியிலிருந்து. ப்ளஸ் டூ படிக்கிறவள். கூடவே அவள் அம்மா. சாப்பிட மறுக்கும் நோய்க்கு என்னிடம் கவுன்சிலிங் வரத் தொடங்கி எட்டாவது வாரம்.

முதுகைத் திருப்பி நிற்க வைத்தே எடை பார்க்கிறேன். எண் அவளுக்குத் தெரியக்கூடாது. இந்த வாரம் இரண்டு கிலோ கூடுதல். சந்தோஷம். முகத்தில் காட்டவில்லை.

பிறகு சேர்ந்து சாப்பாடு. அவளுக்கு இட்லி, எனக்கு எலுமிச்சைச் சோறு. சாப்பிடும்போது சாப்பாட்டுப் பேச்சு கூடாது. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட கதை சொன்னாள். இருபத்தைந்து நிமிடம், ஒன்றரை இட்லி.

வாசலில் அம்மா: "தேறிட்டாள்ல மேடம்? சர்ச்சுல எல்லாரும் கேக்குறாக."

"இன்னும் நாளாகும்" என்றேன். ஃபைலில் மட்டும் 'முன்னேற்றம்' என்று எழுதினேன்.

நவம்பர் 5, புதன்
வெயில். துணி காய்ந்தது. அந்த இரண்டு கிலோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு வாரத்தில் இரண்டு கிலோவா? கன்னம் அப்படியேதான் ஒட்டிக் கிடந்தது. விரல் நுனி நீலம். எடை பார்த்த கையோடு பாத்ரூம் போனாள், இரண்டு தடவை.

தண்ணீர். வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து நின்றிருக்கிறாள். நம்ப ஆசைப்பட்டேன், அதனால் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த தேனி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நாளைக்கே கூட்டிட்டு வா. இதயம் எந்த நிலைமையில இருக்கோ" என்றார். ஷீ. வீட்டுக்குப் போன். அப்பா எடுத்தார். ஏலக்காய் வியாபாரி.

"இளைச்சிருக்கது ஒரு சீக்கா மேடம்? பரிச்சை முடியட்டும், பாப்போம்."

வைத்துவிட்டார்.

நவம்பர் 6, வியாழன்
மழை. முதல் பஸ்ஸில் போடி. வீடு தேடிப் போவது என் தொழிலில் சரியா, தெரியாது. போனேன்.

கடைக்கு மேலேதான் வீடு. ஷீ. சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினாள். நாடியை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கடையில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க, சார். நீங்களே எண்ணுங்க. அப்புறம் உங்களோடதையும்."

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முதலில் மகளுடையது, பிறகு தன்னுடையது.

"என்னோடதுல பாதிதேன் இருக்கு" என்றார். ஷட்டரை இழுத்துவிட்டுக் காரை எடுத்தார்.

காரில் ஷீ.: "என்னையக் காட்டிக் குடுத்துட்டீக." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேனி வரும்வரை அவள் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி
ஐ.சி.யூ. ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. பட்டினி கிடந்த உடம்புக்கு வேகமாக ஊட்டினாலும் ஆபத்தாம், மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமையே அனுப்பியிருந்தால்? மூன்று நாள். என் மூன்று நாள்.

அம்மா: "எம்புள்ள பொழைச்சுக்கிருவாளா மேடம்?"

அவர் என் கையில் ஒரு பன்னை வைத்தார். "காலையில இருந்து நீங்களும் ஒண்ணும் சாப்பிடல."

தின்றேன்.

நவம்பர் 10, திங்கள்
வானம் மூட்டம். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். ஷீ. வார்டுக்கு வந்துவிட்டாள். நாடி கொஞ்சம் பரவாயில்லை. டாக்டரம்மா இன்னும் 'ஆபத்து தாண்டிருச்சு' என்று சொல்லவில்லை.

கஞ்சி நேரம். அப்பா பக்கத்தில். "சாப்பிடு" என்ற சொல்லே வரக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பாவம், ஏலக்காயை ரகம் பிரிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மூன்று வாய். அப்புறம் கிண்ணத்தைத் தள்ளினாள். ஐந்து நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"பயமா இருக்கு மேடம். சாப்பிட்டாலும் பயமா இருக்கு, சாப்பிடாட்டியும் பயமா இருக்கு."

எட்டு வாரமாக "நல்லாத்தேன் இருக்கேன்" என்று மட்டுமே சொன்னவள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். சொல்லியிருக்கக்கூடாதோ. வாயில் வந்துவிட்டது.

அப்பா கரண்டியை நீட்டினார். அவளே வாங்கிக்கொண்டாள். இன்னும் இரண்டு வாய்.

நாளைக் காலை பொட்டாசியம் பார்க்க மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.